கட்டில் வந்தது, காலும் ஒடிந்தது!

வீட்டுக்கு வந்து சேரும் சாமான் உடைந்தால் நஷ்டம் யாருடையது? நியாயமான ஈட்டை எப்படிக் கேட்பது?

தை பிறந்தால் கல்யாணம். கல்யாணம் என்றால் சீர். சீர் என்றால் கட்டில், பீரோ, மெத்தை. கொங்கு நாட்டில் இந்த வரிசை எளிதில் மாறுவதில்லை. தாராபுரத்தில் ஒரு வீட்டில் பெண்ணுக்கு முகூர்த்தம் குறித்துவிட்டால் போதும், பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பே, "பீரோ மரத்திலா, இரும்பிலா?" என்ற விவாதம் தொடங்கிவிடும்.

ஒரு காலத்தில் இந்த விவாதம் வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துவிடும். ஆசாரியை வரவழைத்து, மரத்தை முன்னால் போட்டு, நம் கண்ணெதிரேயே கட்டிலைச் செய்து வாங்கினோம். கால் ஆடினால் மறு நாள் காலை அவரே வந்து ஆப்பு அடித்துச் சரி செய்துவிட்டுப் போவார். இன்று கட்டில் திருப்பூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வருகிறது. டெலிபோனில் படம் பார்த்து ஆர்டர் கொடுத்தால், எங்கோ வட நாட்டிலிருந்தும் வருகிறது. அதுவும் கட்டிலாக வருவதில்லை. பலகையாக, கம்பியாக, ஒரு பை நிறைய திருகாணியாக, அட்டைப் பெட்டிக்குள் வருகிறது. விற்பவர் ஒருவர், ஏற்றி வருபவர் இன்னொருவர், பூட்டித் தருபவர் மூன்றாமவர். இந்த மூன்று கைகளுக்கு நடுவில் எங்கோ ஓர் இடத்தில் பலகை பிளக்கிறது, கண்ணாடி விரிகிறது, திருகாணி மறுபுறம் எட்டிப் பார்க்கிறது.

அப்புறம் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததே. கடைக்காரர் லாரிக்காரரைக் காட்டுகிறார். லாரிக்காரர் பூட்ட வந்தவரைக் காட்டுகிறார். பூட்ட வந்தவர், "எனக்கு வந்ததே இப்படித்தானுங்க" என்று கையை விரிக்கிறார். மூவரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டிருக்க, நஷ்டம் மட்டும் நம் வீட்டுக் கூடத்தில் சாய்ந்து நிற்கிறது.

யார் போட்ட கையெழுத்து?

இந்த விஷயத்தைப் பெண்கள் பத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. சாமான் வண்டி பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கு மேல்தான் வந்து நிற்கும். வீட்டில் அப்போது இருப்பவர் யார்? அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. தொட்டிலில் குழந்தை அழுகிறது. வாசலில் இளைஞர் ஒருவர் காகிதத்தை நீட்டுகிறார்.

"அக்கா, இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"ஏந்தம்பி, பெட்டி மூலை நசுங்கிக் கெடக்குது?"

"அது மேலட்டைதானுங்க்கா. உள்ளே ஒண்ணும் ஆயிருக்காது. வண்டி இன்னும் நாலு இடத்துக்குப் போகோணுமுங்க."

பாவம், அந்தப் பையனுக்கும் அவசரம். கையெழுத்து விழுந்துவிடுகிறது. சாயந்திரம் பெட்டியைப் பிரித்தால் தலைமாட்டுப் பலகையில் ஒரு முழ நீளத்துக்குப் பிளவு. உடனே வீட்டுக்காரர், "பாத்துக் கையெழுத்துப் போடோணும்னு தெரியாதா?" என்கிறார். மாமியார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறார். அது இன்னும் கஷ்டம். உடைத்தவர் யாரோ; பழி மட்டும் கையெழுத்துப் போட்டவள் தலையில்.

தாய்மார்களே, இந்தப் பழியைச் சுமக்க வேண்டியதில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. முன்னதாகப் பார்த்துச் சோதிக்காத சாமானை, சோதித்துப் பார்க்க நியாயமான அவகாசம் கிடைக்கும் வரையில், வாங்கியவர் ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது என்கிறது அதன் 41-ஆவது பிரிவு. பெட்டியைப் பெற்றுக்கொண்டேன் என்பது வேறு. உள்ளே இருப்பது எனக்குச் சம்மதம் என்பது வேறு. முதலாவதற்குத்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

ஆனால் இந்த அவகாசம் வருஷக் கணக்கில் நீளாது. குறையைக் கண்டும் வாய் திறக்காமல் வைத்துக்கொண்டிருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. ஆகவே பார்த்த அன்றே, அதிகம் போனால் மறு நாளே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று மறுத்த சாமானை நாமே வண்டி பிடித்துத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையானால், மறுத்துவிட்டோம் என்று தெரிவிப்பதே போதும் என்கிறது 43-ஆவது பிரிவு.

பிரித்துப் பூட்டும் வித்தை

சாமானைத் துண்டுகளாக அனுப்பும் யோசனை புதிதல்ல. வியன்னாவின் தோனெட் கம்பெனி 1859-இல் ஒரு வளைமர நாற்காலியைச் செய்தது. ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள், அவ்வளவுதான். ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் முப்பத்தாறு நாற்காலிகளை அடுக்கிக் கப்பலில் உலகெங்கும் அனுப்பினார்கள். பிறகு 1950-களில் ஸ்வீடன் நாட்டின் ஐக்கியா கம்பெனி, மேஜையின் கால்களைக் கழற்றித் தட்டைப் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. அதே கம்பெனி 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் கடை திறந்தது.

இந்த ஏற்பாட்டில் விலை குறைகிறது, வண்டியில் இடம் மிச்சமாகிறது, வாஸ்தவம். ஆனால் தொழிற்சாலையில் முடிய வேண்டிய வேலையில் ஒரு பங்கு நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுகிறது. தவறும் கூடவே வருகிறது. அதனால்தான் ஐரோப்பிய நாடுகள் 1999-இல் கொண்டுவந்த ஒரு நெறிமுறையில், விற்பவர் தவறாகப் பூட்டினால் அதுவும் சாமானின் குறையே என்று எழுதி வைத்தார்கள். செய்முறைத் தாள் தப்பாக இருந்து, வாங்கியவரே தவறாகப் பூட்டிவிட்டாலும் பொறுப்பு விற்றவருடையதுதான். வேடிக்கையாக இதற்கு ‘ஐக்கியா ஷரத்து’ என்றே பெயர் வந்துவிட்டது.

நம் நாட்டில் இதே நியாயத்தை வேறு வாசல் வழியாகப் பெறலாம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘பொருளில் குறை’, ‘சேவையில் குறைபாடு’ என்று இரண்டும் இடம் பெற்றிருக்கின்றன. பலகை பிளந்து வந்தால் முதலாவது. நல்ல பலகையில் தப்பான இடத்தில் துளை போட்டால் இரண்டாவது. பூட்டும்போது உங்கள் தரை ஓடு கீறிப் போனாலும், சுவர் பெயர்ந்தாலும், அதுவும் இரண்டாவதில் சேர்ந்ததே.

மூவரில் யார்?

பில்லை எடுத்துப் பாருங்கள். வீட்டில் கொண்டுவந்து இறக்கி, பூட்டித் தருவதாகக் கடைக்காரரே ஒப்புக்கொண்டிருந்தால், உங்களுக்குத் தெரிய வேண்டியவர் அவர் ஒருவர்தான். லாரி அவருடையதா, கூலிக்கு அமர்த்தியதா என்பது அவருக்கும் லாரிக்காரருக்கும் உள்ள கணக்கு. நம்மை அங்கே இழுக்கக் கூடாது.

கடையிலிருந்து நீங்களே ஒரு ‘குட்டி யானை’ வண்டியைப் பேசி ஏற்றி வந்தால் விஷயம் மாறுகிறது. கடை வாசலில் நன்றாக இருந்த சாமான் வழியில் உடைந்தால், கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. நூறு இருநூறு மிச்சம் பிடிக்க நினைக்கும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்கினால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உண்டு. புகாரைக் கவனிக்கக் கம்பெனி ஓர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் பதில் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பவர் சொல்ல அந்த விதிகள் இடம் தரவில்லை.

‘விற்ற சாமான் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டிருக்கிறதே என்பீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த நாளுக்குள்ளும், நாள் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வாணிபம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பில் கொடுக்க மறுப்பதும் அதே வகைதான். அந்த அச்செழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இரண்டு வழக்குகள்

பின்னலாடை வியாபாரம் கொங்கு நாட்டுக்கு அந்நியமல்ல; ஆகவே இந்தக் கதை உங்களுக்குச் சுலபமாகப் புரியும். பாரதி நிட்டிங் கம்பெனி என்ற நிறுவனம், ஜெர்மனி வியாபாரி ஒருவருக்கு 1990 கோடைக்காக ஆடைகளை அனுப்பியது. அதற்குரிய தஸ்தாவேஜுகளை மே 25-ஆம் தேதி டி.எச்.எல். கூரியரில் ஓர் உறையில் போட்டு அனுப்பினார்கள். உறை போய்ச் சேரவில்லை. சரக்கு கைக்குக் கிடைப்பதற்குள் பருவம் போய்விட்டது; அந்த வியாபாரி விலையைக் குறைத்துத்தான் கொடுத்தார். மாநில ஆணையம் கம்பெனிக்கு நாலு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வட்டியுடன் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையமோ அதை 100 டாலராகக் குறைத்துவிட்டது. ஏன்? கூரியர் சீட்டில், பொறுப்பு 100 டாலருக்கு மேல் இல்லை என்று அச்சிட்டிருந்தது. அனுப்பியவர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். 1996 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. ஒப்பந்தச் சீட்டில் கையெழுத்திட்டவரை, படிக்காவிட்டாலும், அது சாதாரணமாகக் கட்டுப்படுத்தும் என்பதே தீர்ப்பின் சாரம்.

நிபந்தனைகள் அச்சிட்ட சீட்டு வேறு, சாமான் கிடைத்தது என்ற ரசீது வேறு என்பதை இந்தக் கதையிலிருந்து தெரிந்துகொள்ளலாம். முதலாவதைப் படிக்காமல் ஒப்பமிடக் கூடாது.

இரண்டாவது வழக்கு மனசுக்குத் தெம்பு தருவது. சரண் ஸ்பின்னிங் மில்ஸ் அனுப்பிய பருத்தி நூல், வழியில் லாரி விபத்தில் பாழாயிற்று. 2010-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சரக்கு சேதமானது என்று காட்டிவிட்டால் போதும். லாரிக் கம்பெனியின் அஜாக்கிரதையை நாம் தேடிப் பிடித்து நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தச் சலுகை நுகர்வோர் மன்றத்திலும் உண்டு என்றார்கள். 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை ஒட்டி எழுந்த தீர்ப்பு இது. அதன் இடத்துக்கு வந்த 2007-ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

வீடு மாற்றும் குடும்பங்கள் இந்தச் சட்டத்தில் இரண்டு சங்கதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாமானின் மதிப்பை முன்கூட்டி எழுதிக் கொடுக்காவிட்டால், லாரிக் கம்பெனியின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 3,000 ரூபாய் என்றால் ஈடு 30,000-க்கு மேல் போகாது. உள்ளே ஒரு லட்ச ரூபாய்ச் சாமான் இருந்தாலும் சரி. மேலும், புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும்.

வாசலில் ஐந்து நிமிஷம்

பெட்டி உள்ளே வருவதற்கு முன் செய்ய வேண்டியவை சில.

நான்கு மூலைகளையும் பாருங்கள். நசுங்கலோ, ஈரமோ, கிழிசலோ தெரிந்தால், பெட்டி வண்டியில் இருக்கும்போதே டெலிபோனில் படம் எடுங்கள். ஒட்டியிருக்கும் சீட்டையும் சேர்த்து எடுங்கள். ரசீதில், ‘பெட்டி மூலை நசுங்கியிருந்தது. உள்ளே சோதிக்கவில்லை’ என்று எழுதி, தேதியும் மணியும் போட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள். ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று அச்சிட்டிருந்தால் அந்த வரிக்குப் பக்கத்திலேயே இதை எழுதுங்கள். டெலிபோன் திரையில் விரலால் கையெழுத்து வாங்கினால் எழுத இடம் இராது. அப்போது படமும், உடனே கடைக்கு அனுப்பும் இரண்டு வரிச் செய்தியும் துணை நிற்கும். உள்ளே உடைந்தது வெளியிலேயே தெரிந்தால் பெற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

பூட்ட வரும்போது ஒருவர் கூட நில்லுங்கள். குறையுள்ள துண்டைக் கண்டால், அதைப் பூட்டுவதற்கு முன்பே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பூட்டிய பிறகு, உடைந்து வந்ததா, பூட்டும்போது உடைந்ததா என்ற வாக்குவாதத்துக்கு முடிவே இராது. அட்டைப் பெட்டி, உடைந்த துண்டு, மீந்த திருகாணி எல்லாவற்றையும் விவகாரம் தீரும் வரை பத்திரமாக வையுங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போட அவசரம் வேண்டாம்.

எது நியாயமான ஈடு?

ஈடு கேட்பதற்கும் ஓர் அளவு உண்டு. அடிப் பலகையில் ஒரு கீறலுக்காக முழுக் கட்டிலையும் மாற்றித் தரச் சொல்வது நியாயமாகாது. அதேபோல், பிளந்த பலகையில் மெழுகு பூசி மறைத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்பதும் நியாயமாகாது.

மரத்தின் ஜாதியைப் பார்க்க வேண்டும். தேக்குக் கட்டிலில் ஒரு பொருத்து விட்டுப் போனால், நல்ல ஆசாரி பசை போட்டு இறுக்கிவிடுவார். பல வருஷம் நிற்கும். மரத் தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு அப்படியல்ல. திருகாணித் துளை ஒரு முறை சிதைந்தால் மறுபடி பிடிப்பு வராது. தண்ணீர் பட்டு ஊதினால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. ஆகவே இந்தப் பலகையில் பிளவு என்றால் ‘ரிப்பேர்’ என்ற பேச்சுக்கே இடம் கொடாமல் புதுப் பலகை கேளுங்கள். கழற்றிக் கழற்றிப் பூட்டவும் விடாதீர்கள்.

கணக்கை இப்படிப் போடலாம். 32,000 ரூபாய்க் கட்டிலில் ஒரு பலகை போயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதல் கோரிக்கை, அந்தப் பலகையைச் செலவில்லாமல் மாற்றித் தருவது. அது கிடைக்காதென்றால், ஆசாரியிடம் எழுதி வாங்கிய மதிப்பீட்டுத் தொகையும், தழும்பு தெரியும் என்பதற்காக விலையில் ஒரு பகுதியும். கட்டில் நிற்கவே நிற்காது என்றால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். இவற்றுக்கு மேல், அலைந்த பஸ் செலவு, விடுப்புப் போட்ட நாளின் சம்பளம், கல்யாணத்துக்காக வாடகைக்கு எடுத்த கட்டிலின் தொகை ஆகியவற்றை ரசீதோடு சேர்க்கலாம். மனக் கஷ்டத்துக்கும் ஒரு தொகை கேட்கலாம். ஆனால் லட்சக் கணக்கில் கேட்டு, உண்மையான நஷ்டத்தை நீங்களே சிரிப்புக்கு இடமாக்கிவிடாதீர்கள். எல்லாருக்கும் ஒரே அளவு என்று ஈட்டை வகுக்க முடியாது, அவரவர் நஷ்டத்தையும் கஷ்டத்தையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்று காஜியாபாத் வளர்ச்சிக் கழக வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2004-இல் சொல்லியிருக்கிறது.

ஒரு கடிதம்

டெலிபோனில் எத்தனை முறை பேசினாலும் காற்றோடு போய்விடும். எழுதுங்கள். நீளம் வேண்டாம், கோபமும் வேண்டாம்.

‘இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில், இத்தனை ரூபாய்க்குக் கட்டில் வாங்கினேன். இன்ன தேதியில் வந்து சேர்ந்தது. தலைமாட்டுப் பலகையில் பிளவு இருக்கிறது. படங்கள் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பலகையை மாற்றித் தர வேண்டும். இல்லையேல் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.’

இவ்வளவுதான். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதையும் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஈ-மெயிலிலும் ஒரு பிரதி போகட்டும். இதற்கிடையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்ல. ஆனால் கம்பெனியிடம் எடுத்துச் சொல்லிப் பதில் வாங்க முயல்வார்கள்.

திருப்பூருக்கு ஒரு பயணம்

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தாராபுரம் 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது; ஆகவே நமக்குத் திருப்பூர்தான். கடை டில்லியில் இருந்தாலும் கவலையில்லை. புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த பெரிய நன்மை. இன்னொரு நன்மை பெண்களுக்கு முக்கியமானது. பொருளை விலை கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு உபயோகிப்பவரும் நுகர்வோர்தான். அப்பா வாங்கித் தந்த சீர்க் கட்டிலுக்கு, புகுந்த வீட்டில் இருக்கும் மகளே புகார் கொடுக்கலாம்.

பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை விசாரிக்கும். இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. புகார், பில், படங்கள், கடித நகல், ஒரு பிரமாணப் பத்திரம், இவை போதும். ‘இ-ஜாக்ருதி’ என்ற அரசாங்கத் தளத்தில் வீட்டிலிருந்தபடியே பதிவு செய்யவும் வழி உண்டு. எதிர்க் கட்சிக்காரருக்குப் பதில் சொல்ல 30 நாள். மிஞ்சினால் மேலும் 15 நாள். அதற்கு மேல் தவணை கிடையாது என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இரு தரப்பும் சம்மதித்தால் சமரசத்துக்கும் அனுப்புவார்கள்.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நாள் பிடிப்பது உண்டு, பொறுமை வேண்டும். தீர்ப்புக்குப் பிறகும் பணம் தராவிட்டால், சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கடைக்கோ ஆபீஸுக்கோ வியாபாரத்துக்காக வாங்கிய சாமானுக்கு இந்த வாசல் திறக்காது. ஆனால் சொந்தப் பிழைப்புக்காக ஒரு பெண் தையல் மேஜை வாங்கினால், அவளுக்குத் திறக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. நஷ்ட ஈட்டைக் கடையிடம் கேளுங்கள், கம்பெனியிடம் கேளுங்கள். வெயிலில் பெட்டி தூக்கி வந்த பையனின் கூலியில் பிடிக்கும்படி மட்டும் கேட்காதீர்கள். கடிதத்தில் அவன் பெயரை எழுத வேண்டிய அவசியமே இல்லை. பில் எண் போதும். பணம் வாங்கிக்கொண்டு பொறுப்பேற்றவர் யாரோ, கணக்கு அவரோடுதான். அடுத்த முறை அவன் காகிதத்தை நீட்டி அவசரப்படுத்தினால், ஒரு சொம்பு தண்ணீரோ மோரோ கொடுத்து உட்கார வையுங்கள். அவன் குடித்து முடிப்பதற்குள் நான்கு மூலைகளையும் பார்த்துவிடலாம்!